ஆறாம் அத்தியாயத்துத் தம்பி

ஹார்லிங்கன்,
14 செப்டம்பர் 2003

அன்புள்ள அக்காவுக்கு,

புத்தகம் வந்து சேர்ந்தது. தபால்காரர் படியில் வைத்துவிட்டுப் போயிருந்தார். அட்டையில் கொஞ்சம் மழை ஈரம் பட்டிருந்தது, உள்ளே ஒன்றும் ஆகவில்லை. 'ஒரு கூட்டுக் குஞ்சுகள்' என்ற தலைப்புக்குக் கீழே உன் பெயரைப் பார்த்ததும் அப்பா இருந்திருக்கலாமே என்று தோன்றியது. அவர் ஒரு பக்கம்கூடப் படித்திருக்க மாட்டார். ஆனால் துறைமுகத்தில் ஒருத்தரை விடாமல் காட்டியிருப்பார்.

நான் இன்னும் இரண்டாம் அத்தியாயத்திலேயே நிற்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. இறால் காலம் என்பதை மறந்திருக்க மாட்டாய். புருஷனும் தம்பியுமாக ஹார்மனும் யெல்லேயும் கரைக்கு வரும்போது எனக்கு நின்று மூச்சுவிட நேரமிருப்பதில்லை. ஆனால் பேக்கரிக்கார பௌக்யா முழுதும் படித்துவிட்டாள். "ஆறாம் அத்தியாயம் முழுக்க உன் தம்பிதான்டி, பேரோட போட்டிருக்கா" என்கிறாள். யெல்லேயிடம் கேட்டேன். "பெரியக்கா போன் பண்ணிக் கேட்டா. எழுதிக்கோன்னு சொன்னேன். நம்மளப் பத்தி எழுத வேற யாரு இருக்கா?" என்று சிரித்தான்.

அவனைப் பற்றி நல்ல செய்தி இருக்கிறது, அதற்காகத்தான் இந்தக் கடிதமே. அவன் குடியை விட்டு மூன்று வருஷம் ஆகிறது. போதையில் படகைக் கொண்டுபோய் அலைத்தடுப்பில் மோதினானே, அன்றைக்கு 'இனி இவன் என் படகில் கால் வைக்கக் கூடாது' என்று சொன்ன ஹார்மனே இப்போது அவனைச் சுக்கானில் நிறுத்திப் பழக்குகிறார். ஹார்மனுக்கு முழங்கால் வலி தாங்கவில்லை. வசந்தத்தில் சுக்கானை யெல்லேயிடம் கொடுத்துவிட்டுக் கரையில் இருக்கப் போகிறார்.

மே மாதம் கல்யாணம். பாய்மரத் துணிக் கடையில் தைக்கிறாளே கெர்பிரிக், ஓபேயின் மகள், அவள்தான். முதல் புருஷனைக் குடிக்குப் பறிகொடுத்தவள், ஒரு பெண் குழந்தையோடு இருக்கிறாள். அதனால் யெல்லேயை ஒரு வருஷம் காக்கவைத்தாள். ஞாயிற்றுக்கிழமை கோயிலிலிருந்து வரும்போது அந்தக் குழந்தை இவன் தோளில் உட்கார்ந்து வருவதை நீ பார்க்க வேண்டும்.

இந்தக் கோடையிலும் நீ வரவில்லை. க்ரோனிங்கனில் ரயில் ஏறினால் மதியச் சாப்பாட்டுக்கு வந்துவிடலாம். போனில் பேசினால் நமக்குள் சண்டை வருகிறது, எழுதினால் வருவதில்லை. அதனால் எழுது.

உன் தங்கை,
நீன்கே


க்ரோனிங்கன்,
2 அக்டோபர் 2003

என் அன்புத் தங்கைக்கு,

உன் கடிதம் மேசைமேல் இருக்கும்போதே புத்தகத்தின் இரண்டாம் அச்சு பற்றிப் பதிப்பாளர் பேசினார். எங்கே போனாலும் ஆறாம் அத்தியாயத்தைத்தான் கேட்கிறார்கள். வானொலியில்கூட.

உனக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், அவசரமாகப் படித்துத் தவறாகப் புரிந்துகொள்ளாதே. ஒரு பட்டாணிக்குருவியைப் புதிய அறைக்குள் விடுகிறோம். உள்ளே ஐந்து செயற்கை மரங்கள். சில குருவிகள் கதவு திறந்ததும் மரத்துக்கு மரம் பறந்து எல்லாவற்றையும் தொட்டுப் பார்த்துவிடும். சில, முதல் கிளையிலேயே உட்கார்ந்து கழுத்தை மட்டும் திருப்பும். துணிந்ததைத் துணிந்ததோடும் பயந்ததைப் பயந்ததோடும் இணைத்துக்கொண்டே போனால் சில தலைமுறையில் இரண்டு தனிக் குலமாகிவிடுகின்றன. குஞ்சுகளை மாற்றி வேறு கூட்டில் வைத்தாலும் குணம் பெருமளவு கூடவே வருகிறது.

அப்படியானால் இத்தனை ஆயிரம் வருஷத்தில் இயற்கை ஒன்றை ஒழித்துவிட்டு மற்றதை மட்டும் வைத்திருக்கலாமே? வைக்கவில்லை. குருவிகள் குளிர்காலத்தில் தின்னும் கொட்டைகளைப் பீச் மரம் நிறையக் காய்க்கும் வருஷத்தில் ஒரு வகை பிழைக்கிறது, காய்க்காத வருஷத்தில் மற்றது. அடுத்த வருஷம் எப்படி இருக்கும் என்று யாருக்கும் தெரியாது. அதனால் இரண்டும் மிஞ்சுகின்றன. மனிதர்களும் இப்படித்தான் என்பது என் வாதம். ஒரே வயிற்றில் மூன்று விதமாக நாம் பிறந்ததற்கு அப்பா அம்மாவின் வளர்ப்பைக் குறை சொல்லிப் பயனில்லை. நான் கிளம்பினேன், நீ இருந்தாய், யெல்லே கடலில் நடந்தான்.

அத்தியாயம் அங்கேதான் தொடங்குகிறது. நினைவிருக்கிறதா, எட்டு வயசில், கடல் உள்வாங்கித் தண்ணீர் வற்றிய நேரத்தில், சேற்றில் இறங்கித் தீவுக்குப் போகிறேன் என்று தனியாக நடந்தானே? நீ கரைமேட்டில் நின்று அழுதாய். அவன் எவ்வளவு தூரம் போகிறான் என்று நான் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்போதே விஞ்ஞானிதான் போலிருக்கிறது.

அவன் செய்ததற்கெல்லாம் ஊர் அவனைத் திட்டியது, அப்பா வாரால் அடித்தார். பழி அவன்மேல் இல்லை என்று முதல்முறையாக எழுதியிருப்பவள் நான். இதில் அன்பைத் தவிர வேறொன்றும் இல்லை.

மூன்று வருஷம் குடிக்காமல் இருப்பது சந்தோஷம். ஆனால் நீ அதன்மேல் வீடு கட்டிவிடாதே. இப்படிப்பட்டவர்களுக்கு அமைதியான பருவங்கள் வரும், போகும்.

உன்னைப் பற்றி ஒரே ஒரு வரி இருக்கிறது. 'வேலியைத் தாண்டத் தோன்றாதவள்' என்று. பாராட்டாகத்தான் எழுதினேன்.

அன்புடன்,
ரென்ஸ்கே


ஹார்லிங்கன்,
9 டிசம்பர் 2003

அன்புள்ள அக்காவுக்கு,

புத்தகத்தை முடித்துவிட்டேன். நீ எழுதியது எனக்குப் புரிந்தது. ஊருக்கு என்ன புரிந்தது என்று இப்போது சொல்கிறேன்.

நிக்கலஸ் திருநாளுக்கு முந்தைய மாலை ஓபே வீட்டில் எல்லாரும் கூடினோம். கெர்பிரிக்கின் சொந்தக்காரர்கள், பக்கத்து வீட்டார், குழந்தைகள். பரிசோடு வரும் கேலிப் பாட்டை வாங்கியவனே எழுந்து நின்று வாசிக்க வேண்டும் என்ற வழக்கத்தை எந்தப் புண்ணியவான் கண்டுபிடித்தானோ. யெல்லேயின் முறை வந்தது. பெட்டிக்குள் ஒரு மரக்குருவி. கூடவே காகிதம். அவன் சத்தமாக வாசித்தான்:

'கூண்டுக்குள்ள குருவி ஒண்ணு படபடக்குது,
கூடப்பொறந்த அக்கா எழுத்து சரியா இருக்குது;
காலக் கட்டிப் போட்டாலும் கடலுக்கே ஓடும்,
கல்யாணத்துக்கு வாங்க சனமே, கூண்டும் சேந்து ஆடும்.'

எல்லாரும் சிரித்தார்கள். அவனும் சிரித்தான். காகிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு "நல்லாத்தான் எழுதியிருக்கீங்க" என்றான். குழந்தைகள் சர்க்கரை ரொட்டிக்கு ஓடிய பிறகு ஓபே நாற்காலியை அவன் பக்கம் இழுத்துப் போட்டார்.

"கோச்சுக்காதீங்க தம்பி. பாட்டு விளையாட்டு. ஆனா ஒண்ணு கேக்கணும். உங்கக்கா எழுதியிருக்கிறது நெசமா?"

"எது?"

"இது பொறப்புலயே வர்றது, மாறாதுன்னு."

"நான் மூணு வருஷமாத் தொடலையே."

"அதத்தான் அவங்களும் எழுதியிருக்காங்க. கொஞ்ச நாள் அடங்கியிருக்கும்னு. பக்கம் போட்டு வேணா காட்டட்டுமா?"

யெல்லே மரக்குருவியை எடுத்துத் திரும்பப் பெட்டிக்குள் வைத்தான். கெர்பிரிக் காப்பிக் கோப்பையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வீட்டுக்கு வரும் வழியில் ஹார்மன் தொண்டையைச் செருமினார். "வசந்தத்துல அவங்கிட்ட சுக்கானக் குடுக்கறத கொஞ்சம் யோசிக்கணும்."

"மூணு வருஷத்துல என்ன தப்பு பண்ணினான்?"

"பண்ணல. பண்ணுவான்னு படிச்சவங்களே எழுதி அச்சுல வந்துருச்சு. நாளைக்கு ஏதாவது ஆனா காப்பீட்டுக்காரன் என்ன கேப்பான்? ஊருக்கே தெரிஞ்சது உனக்குத் தெரியாதான்னு கேப்பான். நான் ஜாக்கிரதையானவன் நீன்கே, அது உனக்கே தெரியும்."

அக்கா, நீ அன்பாகத்தான் எழுதினாய் என்று நம்புகிறேன். அதனால் கேட்கிறேன். ஓபேக்கும் கெர்பிரிக்குக்கும் ஒரு கடிதம் எழுது. மனுஷன் குருவி இல்லை, மாறுவான் என்று எழுது. உன் பெயர் போட்டு வந்தால் நம்புவார்கள். யெல்லே உன்னைப் பார்க்க வருவதாகச் சொல்கிறான். அவன் தன் வாயால் எதையும் கேட்டுப் பழகாதவன். வந்து நின்றால் நீயே புரிந்துகொள்.

நீன்கே


க்ரோனிங்கன்,
18 ஜனவரி 2004

அன்புத் தங்கைக்கு,

யெல்லே வந்தான். நல்ல சட்டை போட்டுக்கொண்டு, தலையை வாரிக்கொண்டு, ஒரு பை நிறைய அவித்த இறாலோடு பல்கலைக்கழகத்தில் எங்கள் துறை வாசலில் நின்றான். எனக்கு அழுகை வந்துவிட்டது.

அன்றைக்கு மாணவர்களோடு எனக்குக் கலந்துரையாடல் இருந்தது. அவனை எங்கே விட்டுவிட்டுப் போவது? கூடவே அழைத்துப் போனேன். 'இவர்தான் ஆறாம் அத்தியாயம்' என்று சொன்னதும் எல்லாரும் கைதட்டினார்கள். அவனுக்கு முகமெல்லாம் சிவந்துவிட்டது. ஒரு மாணவி, "உங்களுக்குப் பயம் வந்தா எப்படி இருக்கும்?" என்று கேட்டாள். "எங்க சின்னக்கா மொகம் மாதிரி இருக்கும்" என்றான். வகுப்பே சிரித்தது. குணத்தை அளக்கும் எங்கள் கேள்வித்தாளையும் எழுதவைத்தார்கள். மதிப்பெண் நான் எதிர்பார்த்த இடத்திலேயே வந்து நின்றது. இவ்வளவு சுத்தமான முடிவு அபூர்வம். அவனுக்கும் பெருமைதான் என்று நினைக்கிறேன்.

பிறகு உணவகத்தில் பட்டாணி சூப் சாப்பிட்டோம். அங்கேதான் கடிதம் கேட்டான். கேட்கும்போது கரண்டியைப் பார்த்துக்கொண்டே கேட்டான். மறுக்க எனக்கு மனம் வரவில்லை. மறுநாளே கெர்பிரிக்குக்கு எழுதிவிட்டேன். நீ கவலைப்படாமல் இருக்க அதை இங்கே அப்படியே எழுதுகிறேன்:

'யெல்லே நல்ல மனம் உள்ளவன். அவனுடைய துணிச்சலும் தாகமும் அவன் தேர்ந்துகொண்டவை அல்ல. அதற்காக அவனை யாரும் வெறுக்கக் கூடாது. அதே சமயம் உங்களிடம் ஒரு குழந்தை இருப்பதால் நான் நேர்மையாக இருக்கக் கடமைப்பட்டவள். அவன் மாறிவிட்டான் என்று உறுதி தர என்னால் முடியாது. என் துறையில் நான் அறிந்த வரையில், இப்படிப்பட்டவர்கள் மீண்டும் விழும் வாய்ப்பு விழாமல் இருக்கும் வாய்ப்பைவிட அதிகம். இதைத் தெரிந்துகொண்டு அவனை ஏற்றால் உங்கள் வாழ்க்கை நன்றாக அமையும்.'

பொய் சொல்லாமல் இதைவிட இதமாக எழுத எனக்குத் தெரியவில்லை. இன்னொருத்தியாக இருந்தால் கெர்பிரிக்கை ஏமாற்றியிருப்பாள்.

இறால் அருமையாக இருந்தது. துறையில் எல்லாருக்கும் கொடுத்தேன்.

அன்புடன்,
ரென்ஸ்கே


ஹார்லிங்கன்,
22 பிப்ரவரி 2004

ரென்ஸ்கே அக்காவுக்கு,

உன் கடிதத்துக்குப் பதில் எழுத ஒரு மாதம் ஆகிவிட்டது.

க்ரோனிங்கனிலிருந்து வந்த அன்று யெல்லே நேராக என் சமையலறைக்கு வந்தான். எப்படி இருந்தது என்று கேட்டேன். "பெரியக்கா நல்லாக் கவனிச்சுக்கிட்டா. பசங்க சுத்தி நின்னுக்கிட்டாங்க. பல்லப் புடிச்சுதான் பாக்கல, மத்தபடி சந்தை மாடுதான்" என்றான். நான் சிரிக்கவில்லை. அப்புறம் சொன்னான்: "நாள் பூரா பாத்துக்கிட்டேதான் இருந்தா சின்னக்கா. ஆனா ஒரு தடவகூட என்னப் பாக்கல."

ஆனாலும் கடிதம் போடுகிறேன் என்று நீ சொன்னதில் அவனுக்கு நிம்மதி இருந்தது. என்ன எழுதுவாய் என்று அவன் யோசிக்கவே இல்லை. அக்கா எழுதுகிறாள், அவ்வளவுதான்.

கெர்பிரிக் உன் கடிதத்தை எடுத்துக்கொண்டு என்னிடம்தான் முதலில் வந்தாள். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. "மொத புருஷன் குடிச்சப்ப மாறிடுவான் மாறிடுவான்னு எல்லாரும் சொன்னாங்க. யாராவது ஒருத்தர் மாறமாட்டான்னு சொல்லியிருந்தா நான் தப்பிச்சிருப்பேன். இப்ப ஒருத்தங்க சொல்றாங்க. அதுவும் கூடப்பொறந்தவங்க. நான் என்ன பண்ணட்டும் நீன்கே?"

"நீ யெல்லேயப் பாரு. அவங்க எழுத்தப் பாக்காதே."

"பாத்தா நம்பத் தோணுது. அதான் பயமா இருக்கு."

மோதிரத்தை என் மேசையில் வைத்துவிட்டுப் போனாள். அவனிடம் நேரில் கொடுக்க அவளால் முடியவில்லை. கொடுத்தவள் நான். "பெரியக்கா நல்லதாத்தானே எழுதியிருப்பா?" என்று கேட்டான். நான் வாசித்துக் காட்டினேன். மறைத்திருக்கலாமோ என்னவோ. 'நல்ல மனம் உள்ளவன்' என்ற இடத்தை இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னான்.

அவன் அப்புறமும் குடிக்கவில்லை. ஊர் காத்துக்கொண்டிருக்கிறது. சாராயக் கடைக்கு எதிரே அவன் நடந்தால் ஜன்னல் திரை விலகுகிறது. அவனே சொல்கிறான், "நான் விழற வரைக்கும் இவங்களுக்குச் சோறு எறங்காது போலிருக்கு."

நீ பழி அவன்மேல் இல்லை என்று எழுதினாய். இருக்கட்டும். குடித்தது அவன் குற்றம் இல்லை என்றால், மூன்று வருஷம் பல்லைக் கடித்துக்கொண்டு குடிக்காமல் இருந்ததும் அவன் செய்ததில்லை என்றாகிவிடுகிறதே. அதை யார் கணக்கில் எழுதினாய்? பீச் மரத்தின் கணக்கிலா?

ஹார்மன் சுக்கானை அவனுக்குக் கொடுக்கவில்லை. முழங்காலில் பட்டை கட்டிக்கொண்டு தானே நிற்கிறார். யெல்லே பழையபடி மேல்தளத்தில் வலை இழுக்கிறான்.

நீன்கே


க்ரோனிங்கன்,
19 ஏப்ரல் 2004

என் நீன்கே,

இன்று காலை பத்திரிகையில் பார்த்தேன். என்னுடைய தம்பி இறந்துபோனதை நான் பத்திரிகையில் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டுமா? 'நூலில் இடம்பெற்ற மீனவர் கடலில் மரணம்' என்று நாலு வரி. அடக்கமும் முடிந்துவிட்டது என்று போட்டிருக்கிறது. உனக்குப் போன் செய்துகொண்டே இருக்கிறேன், யாரும் எடுக்கவில்லை. ஹார்மனின் கைபேசியும் அப்படியே.

உன் துக்கம் எனக்குப் புரிகிறது. என்னிடம் கோபப்படுவதும் துக்கத்தின் ஒரு முகம்தான். இது ஒருநாள் இப்படித்தான் வரும் என்று நம் இருவருக்கும் எப்போதோ தெரியும், இல்லையா? எட்டு வயசில் அந்தச் சேற்றில் நடந்தபோதே வந்திருக்க வேண்டியது. நமக்கு அவன் இத்தனை வருஷம் கூடுதலாகக் கிடைத்தான் என்று நினைத்துக்கொள். அவன் மறுபடி எப்போது ஆரம்பித்தான்? மோதிரம் திரும்பி வந்த பிறகா? எதையும் மறைக்காமல் சொல். என்னைவிட அவனை யாரும் புரிந்துகொண்டதில்லை. அதனால் நான் அவனை மட்டமாக நினைக்க மாட்டேன்.

அவன் வேதனைப்படாமல் போனானா என்று மட்டும் உடனே எழுது.

உன் அக்கா,
ரென்ஸ்கே


ஹார்லிங்கன்,
2 மே 2004

ரென்ஸ்கேவுக்கு,

கேட்டதற்குப் பதில் எழுதுகிறேன்.

அவன் மறுபடி ஆரம்பிக்கவில்லை. மருத்துவர் சோதித்தார். உடம்பில் ஒரு சொட்டும் இல்லை. ஊரில் பாதிப் பேர் அதை நம்பவில்லை. மருத்துவர் ஹார்மனின் சிநேகிதர், குடும்ப மானத்துக்காக மாற்றிச் சொல்கிறார் என்று பேசிக்கொள்கிறார்கள்.

நடந்தது இது. வியாழக்கிழமை, காற்று அதிகமில்லாத நாள். வலை அடியில் எதிலோ மாட்டியது. நமக்குச் சின்ன வயசிலிருந்தே தெரியும், மாட்டினால் இயந்திரத்தை நிறுத்தி, வடத்தைத் தளர்த்தி, பொறுமையாக மீட்க வேண்டும். யெல்லே மேல்தளத்திலிருந்து "நிறுத்துங்க, நிறுத்துங்க" என்று கத்தியிருக்கிறான். பக்கத்தில் மணல் திட்டு. நின்றால் தரை தட்டிவிடுவோமோ என்று ஹார்மனுக்குப் பயம் வந்துவிட்டது. வேகத்தைக் கூட்டித் திருப்பினார். இரும்பு வடம் விறைத்துத் துள்ளி யெல்லேயைத் தூக்கி எறிந்தது. மறுநாள் தண்ணீர் வற்றியபோது சேற்றில் கிடந்தான். வேதனைப்பட்டானா என்று கேட்டாய். விலா எலும்புகள் உடைந்திருந்தன. நுரையீரலில் தண்ணீர் இருந்தது. அதாவது, விழுந்த பிறகு மூச்சு விட்டிருக்கிறான். நீயே கணக்குப் போட்டுக்கொள், நீ கெட்டிக்காரி.

ஹார்மன் மேசையில் உட்கார்ந்து ஒரே வார்த்தையைச் சொல்லிக்கொண்டிருக்கிறார். "நான் ஜாக்கிரதையாத்தான் இருந்தேன்." அவருக்கு நான் காப்பி போட்டுக் கொடுக்கிறேன். முகத்தைப் பார்ப்பதில்லை.

சுக்கானில் யெல்லே நின்றிருந்தால் அவன் நிறுத்தியிருப்பான். உன் புத்தகத்தில் துணிந்தவர்கள் எப்படிச் சாகிறார்கள் என்று எழுதியிருக்கிறாய். பயந்தவர்கள் யாரைக் கொல்கிறார்கள் என்று எழுதவில்லை.

அடக்கத்துக்கு உனக்குச் சொல்ல வேண்டாம் என்று முடிவு செய்தவள் நான். யாரும் சொல்லித் தரவில்லை. நீ வந்திருந்தால் ஊரார் உன்னிடம் புத்தகத்தை நீட்டிக் கையெழுத்துக் கேட்டிருப்பார்கள். நீயும் போட்டிருப்பாய்.

கெர்பிரிக் வந்திருந்தாள். கடைசி வரை நின்றாள்.

நீன்கே


க்ரோனிங்கன்,
15 நவம்பர் 2004

அன்புள்ள நீன்கே,

மே மாதத்துக்குப் பிறகு எழுதிய எதற்கும் நீ பதில் போடவில்லை. நீ அழுது முடிக்கும் வரை பொறுத்திருக்கலாம் என்று இருந்தேன்.

செப்டம்பரில் ஒருநாள் சொல்லாமல் ஹார்லிங்கனுக்கு வந்தேன். கல்லறைத் தோட்டத்தில் அவனைத் தேடினேன். கல் இன்னும் வைக்கவில்லை போலிருக்கிறது, எந்த மண் அவனுடையது என்று தெரியவில்லை. தோட்டக்காரரிடம் கேட்கலாம் என்று போனேன். 'நீங்கள் யார்' என்று கேட்டால் என்ன சொல்வது என்று திரும்பிவிட்டேன். கரைமேட்டில் கொஞ்ச நேரம் நின்றேன். குளிர் தாங்கவில்லை. உன் வீட்டு விளக்கு தெரிந்தது. வரத் துணிவில்லை. உனக்கு இது சிரிப்பாக இருக்கலாம்.

எனக்கு ஐம்பத்திரண்டு ஆகிறது. நம் மூவரில் யாருக்கும் பிள்ளை இல்லை. வகுப்பில் எத்தனையோ தடவை கரும்பலகையில் வம்ச மரத்தின் கிளைகள் வரைந்து, முடிந்த கிளைக்குக் குறுக்குக்கோடு போட்டிருக்கிறேன். அன்று கரைமேட்டில்தான் நம் வீட்டுக் கோடு தெரிந்தது. அவன் முகத்தை நினைத்தால் எனக்கு அந்தக் கேள்வித்தாள்தான் நினைவுக்கு வருகிறது. வேறு ஏதாவது வர வேண்டும். சின்ன வயசில் மீன் கூடைக்குள் உட்கார்ந்திருப்பானே, அந்தப் புகைப்படம் உன்னிடம்தான் இருக்கிறது. அதை எனக்கு அனுப்பு. என் அறையில் மாட்டிக்கொள்ள.

இன்னொரு விஷயம். புத்தகம் ஜெர்மன் மொழியில் வரப் போகிறது. ஆறாம் அத்தியாயத்தை எடுத்துவிடவா என்று கேட்டேன். பதிப்பாளர் சம்மதிக்கவில்லை, அதுதான் புத்தகத்தின் உயிர் என்கிறார். அதனால் முடிவை மட்டும் மாற்றி எழுதுகிறேன். அவன் குடிக்காமல் இறந்தான் என்பதை வெளிப்படையாகவே சொல்லப் போகிறேன். என் கணிப்பு பொய்த்தது என்றும் எழுதுகிறேன், அதற்கு நான் தயங்கவில்லை. ஹார்மன் பெயரைச் சொல்லாமல், ஜாக்கிரதையான சுபாவம் நெருக்கடியில் என்ன செய்கிறது என்று ஒரு பகுதி சேர்க்கலாம் என்றிருக்கிறேன். அதற்கு நீ எழுதிய வரியே தலைப்பாகப் பொருந்துகிறது: 'பயந்தவர்கள் யாரைக் கொல்கிறார்கள்.' இவ்வளவு காலம் இந்தத் துறையில் இருந்தும் எனக்கு அப்படி ஒரு வரி வரவில்லை. உன் அனுமதி இல்லாமல் எடுக்க மாட்டேன். நன்றியுரையில் உன் பெயர் இருக்கும்.

ஒரு வார்த்தையாவது எழுது. திட்டியாவது எழுது.

உன் அக்கா,
ரென்ஸ்கே


4 டிசம்பர் 2004

பேராசிரியர் ரென்ஸ்கே வீர்ஸ்மா அவர்களுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது.

அந்த வரியைத் தாராளமாக எடுத்துக்கொள்ளுங்கள். நன்றியுரை தேவையில்லை. ஒரே வேண்டுகோள், என் பெயரும் யெல்லேயின் பெயரும் எந்த மொழியிலும் இனி வர வேண்டாம்.

புகைப்படம் என்னிடம் இல்லை. அதைக் கெர்பிரிக்கிடம் கொடுத்துவிட்டேன். காரணம் சொல்கிறேன்.

மோதிரத்தை என் மேசையில் வைத்த அன்று அவளுக்கே தெரியாது. மார்ச்சில்தான் தெரிந்தது. யெல்லேயிடம் சொன்னால் அவன் மறுபடி வந்து நிற்பான், தன்னால் மறுக்க முடியாது என்று சொல்லாமல் இருந்தாள். உங்கள் கடிதத்தை எடுத்து எடுத்துப் படித்தாளாம். கடைசியில் அதை அடுப்பில் போட்டுவிட்டு, ஞாயிற்றுக்கிழமை கோயில் முடிந்ததும் அவனிடம் சொல்லிவிடுவது என்று முடிவு செய்தாள். அவன் போனது அதற்கு முந்தைய வியாழக்கிழமை. தனக்கு ஒரு பிள்ளை வரப் போகிறது என்று தெரியாமலே போனான்.

குழந்தை இலையுதிர் காலத்தில் பிறந்தது. நல்ல ஆரோக்கியம். ஆணா பெண்ணா என்று நான் சொல்லப் போவதில்லை. பெயரும் சொல்லப் போவதில்லை. கெர்பிரிக் ஓபேயின் வீட்டை விட்டு இரண்டு குழந்தைகளோடு வேறு ஊருக்குப் போய்விட்டாள். குடும்பப் பெயரையும் மாற்றிக்கொண்டாள். இந்த ஊரில் யாருக்கும் இடம் தெரியாது.

நான் வாரம்தோறும் போய் வந்துகொண்டிருந்தேன். நாளையிலிருந்து அங்கேயே இருக்கப் போகிறேன். ஹார்மனிடம் இன்று காலை சொன்னேன். "தனியா நான் என்ன பண்ணுவேன்?" என்று கேட்டார். "ஜாக்கிரதையா இருங்க" என்றேன்.

குழந்தை இருப்பதை உங்களுக்குச் சொல்லவே வேண்டாம் என்றுதான் கெர்பிரிக் கேட்டுக்கொண்டாள். சொல்லாமலே இருந்திருக்கலாம். நீங்கள் உங்கள் கரும்பலகைக் கோட்டோடு நிம்மதியாக இருந்திருப்பீர்கள். ஆனால் யெல்லேயின் பிள்ளை ஒன்று இந்த உலகத்தில் இருக்கிறது என்பது உங்களுக்குத் தெரிந்தே ஆக வேண்டும் என்று நான்தான் நினைத்தேன். ரயிலிலும் கடைத்தெருவிலும் பார்க்கிற ஒவ்வொரு குழந்தையிடமும் நீங்கள் அதைத் தேட வேண்டும். ஒன்றிலும் கண்டுபிடிக்கக் கூடாது.

நேற்று அது என் விரலைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. எவ்வளவு நேரம் என்று நான் பார்க்கவில்லை.

இந்த முகவரிக்கு இனி எழுதினால் ஹார்மன் திருப்பி அனுப்பிவிடுவார்.

நீன்கே